முள் ஏறும் மலைப்பாதை: மேட்டுப்பாளையம் டு குன்னூர், ஒரு பழைய காரில்!

மே மாதம், காலை ஆறரை மணி. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஊட்டி சாலையில் வண்டிகள் வரிசை கட்டுகின்றன. புது வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிரே நீலமாக எழுந்து நிற்கும் மலையைப் பார்க்கிறார்கள். பழைய வண்டிக்காரர்களின் கண் மட்டும் மலையில் இல்லை. டேஷ்போர்டில் இருக்கும் ஒரு சின்ன முள்ளில் இருக்கிறது.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எஞ்சின் சூட்டைக் காட்டும் அந்த முள் பாதியில் நிற்கிற வரைக்கும்தான் அவர்களுக்குச் சுற்றுலா. சிவப்புக் கோட்டுப் பக்கம் அது சாய ஆரம்பித்துவிட்டால், குளிரும் தேயிலைத் தோட்டமும் மறந்துபோகும். குழந்தைகளின் பாட்டுச் சத்தம்கூட எரிச்சலாகக் கேட்கும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இரண்டுக்கும் நடுவே சாலைத் தூரம் 35 கிலோமீட்டருக்குள்தான். ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தை 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முடிக்க வேண்டும். கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்புகளின் நிழலில் சாலை சாதுவாகப் போகும். கல்லாறு தாண்டியதும் நிமிர்ந்துகொள்ளும்.

பக்கத்திலேயே இன்னொன்றும் இதே மலையை ஏறுகிறது. 1899-லிருந்து குன்னூர் வரை ஓடும் மலை ரயில். கல்லாறில் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அந்த நீராவி எஞ்சின், வழியில் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போகும். 100 ஆண்டு தாண்டிய பழக்கம். யாரும் அதைக் கோளாறு என்று சொல்வதில்லை. இறங்கி நின்று படம் எடுக்கிறார்கள். ரயிலுக்குத் தண்ணீர் கொதித்தால்தான் வேலை நடக்கும். காருக்குக் கொதித்தால் வேலை கெட்டது. அதே மலை, அதே தண்ணீர், நேர் எதிர்க் கணக்கு.

கார் எஞ்சினில் எரிகிற பெட்ரோலின் சக்தியில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் கொண்டுபோய்க் காற்றில் இறக்கிவிட்டு வரவேண்டும். சமவெளியில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். மலையில் கதை வேறு. இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டரில் அழுத்திய கால், வேகமோ 20, 25. சூடு முழுசாக வருகிறது. காற்று கால்வாசிகூட வருவதில்லை. மேல்சட்டை நனைந்த ஆள் மூட்டையையும் தூக்கிக்கொண்டு படியேறுவது மாதிரிதான்.

ஆனால், மலை எந்த வண்டியையும் கெடுப்பதில்லை. கீழே மாதக்கணக்கில் ஒளிந்திருந்த கோளாறை அது வெளியே இழுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் கவனித்தால், கோவையிலிருந்து குன்னூர் வரையிலான சாலையே ஒரு பரிசோதனைக் கூடம். எந்த இடத்தில் முள் ஏறியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலே, பாதி நோய் தெரிந்துவிடும்.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை நல்ல சாலை. அங்கே வேகமாகப் போகும்போதே முள் ஏறுகிறது, மெதுவாகப் போனால் இறங்குகிறது என்றால், சந்தேகம் ரேடியேட்டர் மேல் விழ வேண்டும். காற்று தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் சூடு இறங்கவில்லை. அப்படியென்றால், உள்ளே தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்கள் அடைத்திருக்கலாம். அல்லது வெளியே அந்தச் சன்னமான தகடுகளுக்கு இடையில் பூச்சியும் தூசியும் அப்பி, காற்றுப் போக வழியில்லாமல் இருக்கலாம். இன்னொரு திருடன் உண்டு. ரேடியேட்டரின் அடியிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகும் ஹோஸ். அது பழசாகித் தொளதொளத்துப் போயிருந்தால், எஞ்சின் வேகமெடுக்கும்போது பம்ப் உறிஞ்சுகிற வேகத்தில் இளநீர் உறிஞ்சும் ஸ்டிரா மாதிரி உள்ளே ஒட்டிக்கொள்ளும். நின்றதும் பழையபடி உருண்டையாகிவிடும். மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்க்கும்போது சாதுவாக இருக்கும்.

அடுத்தது மேட்டுப்பாளையம் ஊருக்குள். உருளைக்கிழங்கு மண்டி லாரிகளும், ஊட்டி பஸ்களும், சீசன் கூட்டமும் சேர்ந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 20 நிமிடம் ஆகும். இப்போது இ-பாஸ் சோதனை வரிசையும் சேர்ந்துகொண்டது. ஓடும்போது ஒழுங்காக இருந்த முள், இப்படி நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் ஏறினால், குற்றவாளி பெரும்பாலும் ஃபேன்தான். மாருதி 800 மாதிரி வண்டிகளில் அது கரன்ட்டில் ஓடும் ஃபேன். சூடு ஏறியதும் தானே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடும் சுவிட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். அம்பாசடரிலும் பத்மினியிலும் பெல்ட்டில் ஓடும் ஃபேன். அங்கே பெல்ட் தளர்ந்திருக்கிறதா, தேய்ந்து வழுக்குகிறதா என்று பார்த்தால் போதும். ஃபேனைச் சுற்றி ஒரு கூடு இருந்தால், அது காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும். 'இது எதுக்கு இடைஞ்சலா?' என்று கழற்றிப் போட்ட வண்டிகள் நிறைய.

சமவெளியில் தேறி, ஊர் நெரிசலிலும் தேறி, மலையில் மட்டும் விழும் வண்டிகளும் உண்டு. அவைதான் மெக்கானிக்குகளைச் சுற்றலில் விடும்.

அன்று காலை பர்லியார் கடைகளுக்கு முன்னால், பானட்டைத் திறந்துவைத்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது அப்படி ஒரு வெள்ளை அம்பாசடர். உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாசடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இது அதற்கெல்லாம் ரொம்ப முந்தைய வண்டி. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம். ஓட்டிவந்த மகனுக்கு 35 வயது இருக்கலாம். வண்டி அவருடைய அப்பாவுடையது. அப்பா இப்போது இல்லை. பின் சீட்டில் அம்மா. மருமகளும் பேத்தியும் இறங்கிப் பழக்கடைப் பக்கம் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மகன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். எதிரே டீக்கடையிலிருந்து ஒரு குரல் அதட்டியது.

"ஏனுங்க தம்பி, மூடியத் தொட்டுப்போடாதீங்க!"

குன்னூர் பக்கத்தில் 30 வருடமாக டாக்ஸி ஓட்டும் பெரியவர். டீ கிளாஸோடு எழுந்து வந்தார்.

"தண்ணி ஊத்தலாம்னுங்ணா..."

"இப்பத் தொறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சிக்குத்தான் வரும். அரை மணி நேரம் கம்முனு இருங்க. அம்மாவுக்கு டீ வாங்கிக் குடுங்க."

பிறகு அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். "எங்க வெச்சு சூடாவுது?"

"எப்பவுமே ஆவுதுங்ணா. ரெண்டு மாசத்துல ரேடியேட்டர் புதுசு போட்டாச்சு, வாட்டர் பம்பும் மாத்தியாச்சு. 15,000 ரூபாய்க்கு மேல செலவு. இந்த ட்ரிப்போட எடைக்குப் போட்டறலாம்னு இருக்கறனுங்க."

"எப்பவுமேன்னு ஒண்ணு கெடையாது தம்பி. அன்னூர் ரோட்டுல அடிச்சு ஓட்டிட்டு வந்திருப்பீங்களே, அங்க ஆச்சா?"

"இல்லீங்க."

"மேட்டுப்பாளையம் டிராபிக்ல?"

"இல்லீங்ணா. முள்ளு பாதியிலதான் நின்னுச்சு. நாலஞ்சு பெண்டு ஏறினதும்தான் சரசரன்னு ஏறிருச்சு. நிறுத்தினதும் அடியில தண்ணியாக் கொட்டுது."

பெரியவர் துணியை நாலாக மடித்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். ஆவி பறக்கிற எஞ்சினில் அந்த ஹோஸ் கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். இதுவோ பழுத்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது.

"உள்ள பிரஷரே இல்லை. மூடிய மாத்துனீங்களா?"

"அது பழசையே போட்டாங்க."

ரேடியேட்டர் மூடி. இவ்வளவு பெரிய இரும்பு வண்டியில் அதைவிட மலிவான, அதைவிட அலட்சியப்படுத்தப்படும் சாமான் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம். பலரும் அதை ஏதோ எண்ணெய்ப் பாட்டில் மூடி மாதிரி நினைக்கிறார்கள். உண்மையில் அது பிரஷர் குக்கர் வெயிட்டின் தம்பி.

சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரம் கூடக்கூட, காற்றழுத்தம் குறைந்து, கொதிநிலையும் இறங்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் குறைவு. மலைவாசிகள் பருப்பு வேகவைக்கக் குக்கரைத் தேடுவது இதனால்தான்.

எஞ்சினுக்குள்ளோ தண்ணீர் 80, 90 டிகிரியில் ஓடினால்தான் எஞ்சினுக்கே நல்லது. அப்படியென்றால், மேலே போகப் போக, வேலை செய்யும் சூட்டுக்கும் கொதிக்கும் சூட்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் போகும். அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் மூடியின் வேலை. அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கும். 7 பவுண்டு மூடி சரியாக வேலை செய்தால், குன்னூரிலும் தண்ணீர் 107 டிகிரி வரைக்கும் கொதிக்காது. 13 பவுண்டு மூடி என்றால் 115. (அதற்காகப் பழைய வண்டிக்குப் பெரிய எண் மூடியைப் போட்டால், பழைய ஹோஸும் ரேடியேட்டர் பற்றவைப்பும் தாங்காது. வண்டிக்கு எது சொல்லியிருக்கிறதோ அதுதான்.)

ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால், மூடி இருந்தும் இல்லாதது போலத்தான். சமவெளியில் இது தெரியவே தெரியாது. அங்கே தண்ணீர் 85-ல் ஓடுகிறது, 99-ல்தான் கொதிக்கப் போகிறது. மலையில் 95-ஐத் தொட்டதும் பொங்குகிறது. பொங்கிய தண்ணீர் வழிந்தோடும் குழாய் வழியாக ரோட்டுக்குப் போகிறது. தண்ணீர் குறைந்ததால் சூடு இன்னும் ஏறுகிறது. பிறகு எது முதல், எது முடிவு என்று பிரிக்க முடியாது.

இப்படியிருக்க, ரேடியேட்டரும் பம்பும் மாற்றிய பட்டறையைத் திட்டுவது சுலபம். ஆனால், அவர்களிடம் யாரும் மலையைப் பற்றிச் சொல்லவில்லை. 'வண்டி சூடாகுது' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். 'வயிறு வலிக்குது' என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், அவரும் ஒவ்வொரு மாத்திரையாகத்தான் கொடுத்துப் பார்ப்பார்.

பெரியவர் மூடியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பாக்கி இருந்தது: ஹெட் கேஸ்கெட். எஞ்சினின் அடிக்கட்டுக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தகடு போய்விட்டால், எரியும் வாயு தண்ணீருக்குள் புகும், தண்ணீர் எண்ணெய்க்குள் புகும். எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தார். மோர் திரிந்த மாதிரி வெள்ளையாக ஏதும் ஒட்டியிருக்கவில்லை. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, எஞ்சின் ஆறிய பிறகு, துணி போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்து, தண்ணீர் நிரப்பி, மூடி போடாமலே எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். தண்ணீரில் முதலில் இரண்டு மூன்று குமிழி வந்து அடங்கியது. தொடர்ந்து குமிழி வந்துகொண்டே இருந்தால்தான் கேஸ்கெட் சந்தேகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும், ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே சந்தேகம்தான்.

"தப்பிச்சீங்க தம்பி. இது இரும்பு ஹெட்டு. கொஞ்சம் தாங்கும். அலுமினிய ஹெட்டா இருந்தா இந்நேரம் வளைஞ்சிருக்கும்."

அவர் சொன்னது சரிதான். அம்பாசடரின் பழைய எஞ்சினில் வார்ப்பிரும்பு ஹெட். மாருதி 800 முதல் இன்றைய கார்கள் வரை ஹெட் அலுமினியம். எடை குறைவு, சூட்டைச் சீக்கிரம் கடத்தும். ஆனால் ஒரே ஒருமுறை கண்மண் தெரியாமல் சூடேறினாலும் வளைந்துபோகும். பிறகு கழற்றி, லேத்துக்கு எடுத்துப்போய் மட்டம் பார்த்துச் சீவி, புது கேஸ்கெட் போட வேண்டும். 'இன்னும் ரெண்டு பெண்டுதானே, குன்னூர் போயிடலாம்' என்று முள் சிவப்பில் நிற்க ஓட்டுபவர்கள், ஒரு மூடியின் விலையில் முடிய வேண்டியதை இப்படித்தான் பெரிய செலவாக்கிக்கொள்கிறார்கள்.

மூடிக்கு என்ன வழி? டீக்கடையிலிருந்தே மேட்டுப்பாளையம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு போன் போனது. பழைய மூடியின் எண்ணையும், வாய் அளவையும், உள்ளே இறங்கும் ஆழத்தையும் பெரியவர் சொன்னார். ஆழம் முக்கியம், ஆழம் மாறினால் ரப்பர் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது, புது மூடியும் பழைய மூடியாகிவிடும். போனிலேயே பணம் போனது. ஒரு மணி நேரத்தில் குன்னூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஜன்னல் வழியாகக் காகிதப் பொட்டலத்தை நீட்டினார். மலைப்பாதையில் மருந்து, பூ, வண்டிச் சாமான் எல்லாம் இப்படித்தான் மேலே ஏறுகின்றன.

காத்திருந்த நேரத்தில் பின் சீட்டு அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "அவரு இருந்தப்ப வருசா வருசம் இதுலதான் வருவோம். இதே எடத்துலதான் நிறுத்துவாரு. வண்டிக்குத் தண்ணி பாத்துட்டுத்தான் எங்களுக்கு டீ."

ஆக, கோளாறு புதிதல்ல. அந்தக் காலத்தில் ஓட்டுபவருக்கு இதெல்லாம் பயணத்தின் ஒரு பகுதி. வண்டிக்குள் ஒரு தகர டின்னில் தண்ணீர் எப்போதும் இருக்கும். இன்றைக்கு அந்த டின்னுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், அவசரத்துக்கு நாலு பாட்டில் வாங்கி ஊற்றலாம் என்று நினைத்துப் போக முடியாது. ஐந்து லிட்டர் எவர்சில்வர் கேனோ, பழைய எண்ணெய் டின்னோ வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது.

அதில் என்ன தண்ணீர் என்பதும் கேள்விதான். கொங்கு நாட்டின் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். வழியில் அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம்; உயிர் போகிறபோது வாய்க்கால் தண்ணீரும் தீர்த்தம்தான். ஊருக்குத் திரும்பியதும் அதை இறக்கிவிட்டு, கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் கலந்து நிரப்ப வேண்டும். 'பழைய வண்டிக்கு எதுக்குக் கூலன்ட்?' என்று சொல்பவர்கள் உண்டு. பழைய வண்டிக்குத்தான் அது அதிகம் தேவை. கொதிநிலையைக் கொஞ்சம் கூட்டுவதோடு, இரும்பு துருப்பிடிக்காமலும் அது காக்கும். மூடியைத் திறந்தால் தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி இருக்கிறது என்றால், எஞ்சின் உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சூடேறுகிறது என்றதும் பட்டறைகளில் செய்யும் இன்னொரு வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டர் பக்கம் தண்ணீரை விடாமல் தடுத்து, சூடானதும் திறந்துவிடும் வால்வு அது. சில சமயம் மூடியபடியே சிக்கிக்கொள்ளும். முள் மேலே போயிருக்க, ரேடியேட்டர் மட்டும் சில்லென்று இருந்தால் அதுதான் காரணம். சந்தேகமிருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்கிப் பார்க்கலாம். 80, 85 டிகிரி வாக்கில் வாய் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது போடலாம். எடுத்தே எறிந்துவிட்டால், கோவை வெயிலில் வித்தியாசம் தெரியாது. ஊட்டிக் குளிரில் எஞ்சின் கடைசிவரை சூடேறாமல் திணறும், பெட்ரோலைக் குடிக்கும், சிலிண்டர் தேயும்.

புது மூடியோடு அம்பாசடர் பர்லியாரை விட்டுக் கிளம்பியபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பெரியவர் கடைசியாக இரண்டு விஷயம் சொல்லியனுப்பினார். மூன்றாவது கியரில் திணற விடாமல், இரண்டாவதுக்கு மாற்றி எஞ்சினைக் கொஞ்சம் சுழல விட வேண்டும். அப்போதுதான் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். முள் முக்கால் தாண்டினால், இடம் பார்த்து ஓரம் கட்ட வேண்டும். 'இடம் பார்த்து' என்பதை அழுத்திச் சொன்னார். கொண்டை ஊசி வளைவில் நிற்கக் கூடாது. கல்லாறுக்கும் பர்லியாருக்கும் இடையில் யானைகள் சாலையைக் கடக்கும். அந்தி நேரத்தில் அங்கே இறங்கி நிற்பதைவிட வண்டிக்குள் இருப்பது மேல்.

ஏசி உள்ள வண்டி என்றால் முதலில் அதை அணைக்க வேண்டும். ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்துவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்க்கும். ஆனால் அது ஒரு குட்டி ரேடியேட்டர். தண்ணீர் கொட்டிவிட்டது, அல்லது பெல்ட் அறுந்துவிட்டது என்று தெரிந்தால் யோசிக்காமல் எஞ்சினை நிறுத்த வேண்டும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் விழுந்த மாதிரி சுரீர் என்று ஹெட் வெடித்துவிடலாம். ஆறவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி மெதுவாக ஊற்ற வேண்டும். இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. தண்ணீர் ரொம்பக் குறைந்துவிட்டால், சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் நனையாது. முள் திடீரென்று கீழே இறங்கும். 'அப்பாடா' என்று மிதிப்பவர்களின் எஞ்சின்தான் பட்டறைக்குப் போகிறது.

நிற்கும்போது சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பவர்கள், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போகலாம். நடு ரோட்டில் கிடக்கும் அந்தக் கற்களில் இரவில் எத்தனை பைக்குகள் விழுகின்றன என்பது மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்குத்தான் தெரியும்.

மரப்பாலம், காட்டேரிப் பூங்கா என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தேயிலை வாசம் வந்தது. அம்பாசடரின் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறி, அங்கேயே நின்றுகொண்டது. குன்னூர் வரும் வரை மகன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லெவல் கிராசிங்கில் ரயில் போவதற்காக நின்றபோதுதான் முதல்முறையாகக் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். பேத்தி எஞ்சினுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

எடைக்குப் போடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. அதற்காக வண்டி குணமாகிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது.

சீசனில் இறக்கம் கோத்தகிரி வழியாக. இறங்கும்போது எஞ்சினுக்கு ஓய்வு, முள் படுத்துவிடும். அங்கே சூடேறுவது பிரேக். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் அதற்குத்தான். மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்ததும் எல்லோரும் வண்டியை மறந்துவிடுவார்கள். உண்மையான பரீட்சை மறுநாள் காலையில்தான் இருக்கிறது. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பர்லியாரில் நிரப்பிய அளவு அப்படியே இருந்தால், மூடிதான் காரணம். ஒரு விரல் குறைந்திருந்தால், வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்துவிட்டு, ஹோஸ் கிளிப்பிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியதுதான்.